லேசான கிளட்ச்

மாப்பிள்ளை: ...அப்போ சிவப்பு வண்டி வேணாம்ங்கறீங்க.

மெக்கானிக்: வேணாம்னு எங்க சொன்னேன்? வெயிட்டு அதிகம்னேன். அந்த ஸ்பேனரை இப்படித் தள்ளுங்க மாப்ள.

மாப்பிள்ளை: இதுவா?

மெக்கானிக்: அது ஸ்க்ரூ டிரைவர். பத்து வருஷமா இந்த ஷெட்டுக்கு வந்து போறீங்க...

மாப்பிள்ளை: டீ டம்ளர் எங்க இருக்குன்னு தெரியும் மச்சான். எனக்கு அது போதும். சரி, கருப்பு எப்படி?

மெக்கானிக்: கருப்பு லேசு. மைலேஜும் கொடுக்கும். ஆனா... இப்ப எதுக்குப் புது வண்டி? பழசுக்கு என்ன கேடு?

மாப்பிள்ளை: மேடு ஏற மாட்டேங்குது. இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. முந்தாநாள் டேங்க் மேட்டுல சைக்கிள்ல வந்த பெரியவர் என்னைத் தாண்டிப் போறார். போனதோட விட்டாரா? திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு வேற.

மெக்கானிக்: ம்...

மாப்பிள்ளை: ஒரு நாளைக்கு நூத்திருபது வீடு. வாசல் வாசலாப் போய் தண்ணி மீட்டர் பாத்து எழுதணும். வண்டி நின்னா என் பொழப்பும் நின்னுரும். இப்பவே ஆபீஸ்ல, "கைக்கு முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் போட்டுக்கறோம்"ங்கறாங்க.

மெக்கானிக்: கை... இப்ப எப்படி இருக்கு?

மாப்பிள்ளை: எந்தக் கை?

மெக்கானிக்: ஏணிலேர்ந்து விழுந்தீங்களே, அந்த இடது கைதான். வேற எந்தக் கை?

மாப்பிள்ளை: ஓ, அதுவா. ரெண்டு மாசமா ஒரு தொந்தரவும் இல்ல. கிளட்ச் வெண்ணெய் மாதிரி போகுது.

மெக்கானிக்: ரெண்டு மாசமா...

மாப்பிள்ளை: ஏன் முகம் இப்படிப் போகுது? சந்தோஷப்பட மாட்டீங்களா?

மெக்கானிக்: படறேன், படறேன். டாக்டர் என்ன சொன்னார்?

மாப்பிள்ளை: டாக்டரை விடுங்க. பின் சீட்டு எதுல நல்லா இருக்கும்?

மெக்கானிக்: பின் சீட்டா? கருப்புல அகலம். பிடிச்சுக்கக் கம்பியும் இருக்கு.

மாப்பிள்ளை: எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. நேத்து ஷோரூம் போய் ரெண்டையும் ஓட்டிப் பாத்தாச்சு.

மெக்கானிக்: ஓட்டிப் பாத்தீங்களா!

மாப்பிள்ளை: தட்டிப் பாக்காம ஒரு குடம்கூட வாங்க மாட்டோம், வண்டிய வாங்குவோமா?

மெக்கானிக்: கிளட்ச்?

மாப்பிள்ளை: ரெண்டுலயும் பிரச்சினை இல்ல. சிவப்பு மட்டும் திருப்பத்துல ஒரு தடவ நின்னுபோச்சு. அப்புறம் ஜம்முனு கிளம்பிடுச்சு.

மெக்கானிக்: ஒரே தடவ...

மாப்பிள்ளை: நம்பலன்னா அந்த சேல்ஸ்மேனைக் கேளுங்க. "நல்ல கை"ன்னு அவரே பாராட்டினார். சீட்டு உயரம்தான் யோசனை. சிவப்புல கால் தரைல முழுசா ஊணல. குதிகால் தூக்கிக்குது.

மெக்கானிக்: உங்களுக்கா? கொக்கு மாதிரி காலை வச்சுக்கிட்டு...

மாப்பிள்ளை: கண்ணு வைக்காதீங்க.

மெக்கானிக்: தங்கச்சி என்ன சொல்றா?

மாப்பிள்ளை: அவளா? கருப்புங்கறா. நீங்களும் கருப்புங்கறீங்க. அண்ணனும் தங்கச்சியும் ஒத்துப்போற முதல் விஷயம் இதுதான். உங்க வண்டிய மதில்ல மோதின கதைய நேத்து மறுபடியும் சொன்னா.

மெக்கானிக்: அவளுக்குப் பதினேழு வயசுல. நான்தான் ஓட்டக் கத்துக்கொடுத்தேன், நான்தான் சாவியயும் பிடுங்கினேன். அப்பாகூட ஒண்ணும் சொல்லல. நான்தான் தெருவே கேக்கறாப்ல கத்தினேன்.

மாப்பிள்ளை: இன்னும் சொல்லிக் காட்டறா.

மெக்கானிக்: காட்டுவா, காட்டுவா... மாப்ள, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்.

மாப்பிள்ளை: பீடிகை பலமா இருக்கே.

மெக்கானிக்: உங்க கை சரியாகல.

மாப்பிள்ளை: நீங்க மெக்கானிக்கா, டாக்டரா?

மெக்கானிக்: விளையாடாதீங்க. ரெண்டு மாசம் முன்னாடி சர்வீஸுக்கு விட்டீங்கல்ல, அப்ப கிளட்ச் ஸ்பிரிங்கை எடுத்துட்டு, சின்ன வண்டியோட ஸ்பிரிங்கைப் போட்டேன். ரெண்டு விரலால இழுத்தாலே வரும். ஆனா அது பிளேட்டை இறுக்கிப் பிடிக்காது. அதான் மேடு ஏறல. வண்டிமேல ஒரு குத்தமும் இல்ல, எல்லாம் என் வேலைதான்.

மாப்பிள்ளை: யார் போடச் சொன்னது?

மெக்கானிக்: தங்கச்சி. "வேலை விட்டு வந்ததும் கையை வெந்நீர்ல வச்சுக்கிட்டு வாயத் தொறக்காம உக்காந்திருக்கார், பாக்க முடியல அண்ணே"ன்னா. எனக்கும் மனசு கேக்கல. அப்புறம் நீங்க கை சரியாயிடுச்சுன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களா... எனக்கு வாயே வரல.

மாப்பிள்ளை: சரி, மேல சொல்லுங்க.

மெக்கானிக்: புது வண்டில கம்பெனி ஸ்பிரிங் இருக்கும். நடுரோட்டுல, பஸ்ஸுக்கு முன்னாடி கை விட்டுடுச்சுன்னா? அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? பயமா இருக்கு மாப்ள. போதுமா? திட்டணும்னா திட்டிடுங்க.

மாப்பிள்ளை: டீ ஆறிப்போச்சு.

மெக்கானிக்: மாப்ள!

மாப்பிள்ளை: தெரியும் மச்சான். போன மாசம் பக்கத்து வீட்டுக்காரர் அவர் வண்டிய ஸ்டார்ட் பண்ணி நகத்தி நிறுத்தச் சொன்னார். கிளட்ச்சைப் பாதிகூட இழுக்க முடியல. நேரா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஒரே கேள்விதான், உங்க தங்கச்சி மொத்தத்தையும் கொட்டிட்டா.

மெக்கானிக்: அடப்பாவி மனுஷா... தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்னை...

மாப்பிள்ளை: நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். சொல்லலன்னா மனசு கஷ்டமாயிருக்கும். சொல்லிட்டீங்க.

மெக்கானிக்: இருங்க இருங்க... எங்கயோ இடிக்குதே. பக்கத்து வீட்டு வண்டியவே நகத்த முடியல. அப்புறம் நேத்து ஷோரூம்ல ரெண்டு வண்டிய எந்தக் கையால ஓட்டினீங்க?

மாப்பிள்ளை: ஓட்டினது உங்க தங்கச்சி மச்சான்... நான் பின் சீட்டுல நோட்டை வச்சு, ஓடற வண்டில மீட்டர் நம்பர் எழுத முடியுதான்னு பாத்தேன். கருப்புலதான் எழுத்து கோணாம வருது.