புளோரைடு இல்லாத பேஸ்ட்

"காவிப் பல்லுக்குப் பயந்து புள்ளையோட பல்ல நானே கெடுத்துட்டேனுங்க அக்கா."

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெண் இதைச் சொன்னாள். சொல்லும்போதும் உள்ளங்கையால் வாயை மறைத்திருந்தாள்.

"நீ என்ன கண்ணு பண்ணுனே?" என்றார் பக்கத்திலிருந்த மூத்தவர்.

"எங்க போர் தண்ணில புளோரைடு சாஸ்திங்க. சின்ன வயசுல அதைக் குடிச்சுத்தான் என்ற பல்லு இப்படியாச்சு. அதனால புள்ளைக்குப் புளோரைடு இல்லாத பேஸ்ட்டாத் தேடித் தேடி வாங்குனேனுங்க. இப்ப நாலு பல்லு சொத்தை."

"டாக்டரம்மாகிட்டக் காட்டுனியா, என்ன சொன்னாங்க?"

"பல்லு உருவாகற வயசுல வருசக்கணக்கா அளவுக்கு மீறி உள்ள போனாத்தான் கறையாமுங்க. பேஸ்ட்டுல இருக்கற புளோரைடு மேல பட்டாப் பல்லு கெட்டியாகுமாம். மிட்டாய் தின்னப்புறம் வாயில ஊறுற புளிப்பு லேசுல அரிக்காதாம். இப்ப நாங்க குடிக்கிறது பைப்புத் தண்ணி, அதுல புளோரைடு கம்மிங்க. பட்டாணி அளவு பேஸ்ட் வெச்சுத் தேய்ச்சுத் துப்பச் சொன்னாங்க."

"அதான் தெரிஞ்சுபோச்சே. இனி வாங்கிக் குடு."

"வாங்கிட்டேனுங்க."

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது.

"நேத்துப் பள்ளிக்கூடத்துல போட்டோ எடுத்தாங்க. எல்லாக் குழந்தையும் சிரிக்குது. என்ற புள்ள மட்டும் என்னையாட்டவே கைய வெச்சு வாயப் பொத்திட்டு நிக்கறாளுங்க அக்கா."