தங்கையின் இருபது நிமிடங்கள்

தண்ணீர் பாட்டிலைப் பேச்சாளரின் இடது கைப்பக்கம்தான் வைக்க வேண்டும். வலது பக்கம் வைத்தால், பேச்சு சூடுபிடிக்கும்போது கையை வீசித் தட்டிவிடுவார்கள். மைக் ஒயரில் தண்ணீர் இறங்கினால் அன்றைய கூட்டம் அவ்வளவுதான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே அரங்கில் வேலை பார்த்தால் தானாக வந்துவிடும். நீங்கள் எனக்கு வலது பக்கம் வைத்திருக்கிறீர்கள் சார். பரவாயில்லை, நான் கையை வீசிப் பேசுகிற ஆள் இல்லை.

பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய, யூரேசிய ஆய்வுத் துறையின் அரங்கப் பொறுப்பாளர் நான். நாற்காலி போடுவது, மைக் சரிபார்ப்பது, வரைபடங்களை மாட்டுவது எல்லாம் என் வேலை. மாலையில் கலை நிகழ்ச்சி இருந்தால் வெளிநாட்டு நடனக்காரர்களின் பூட்ஸ் பெட்டிகளை மேடைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் அடுக்கி வைப்பேன். இதற்கெல்லாம் மேலாக நேரம் பார்ப்பேன். முதல் வரிசைக்கும் முன்னால், மேடையை ஒட்டி எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. மடியில் மூன்று அட்டைகள் இருக்கும்: 'ஐந்து நிமிடம்', 'ஒரு நிமிடம்', 'முடிக்கவும்'. அதையும் மதிக்காதவர்களுக்கு மேசை மணியில் ஒரு தட்டு. மாணவர்கள் என்னை மணிக்காரர் என்பார்கள். கேலிதான், இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது.

நேரம் மீறுவதை எல்லோரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். ஓர் அமர்வில் நான்கு பேர், ஆளுக்கு இருபது நிமிடம். முதல் ஆள் அரை மணி எடுத்துக்கொள்வார். இரண்டாவது ஆள், அவருக்கு மட்டும் என்ன என்று அவரும் அரை மணி. மூன்றாவது ஆள் பெரிய மனிதராக இருப்பார், அவரை யாரும் கேட்க முடியாது. நான்காவது ஆள் எழுந்து தாளைப் பிரிப்பதற்குள் நெறியாளர் எழுந்து, நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்வார். நான்காவதாகப் போடப்படுவது எப்போதும் துறையிலேயே சின்ன ஆள். எங்கள் துறையில் ஏழு வருடமாக அது என் தங்கை.

எனக்கு இருபத்தொரு வயது, அவளுக்கு ஒன்பது இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். நான் படிப்பை நிறுத்திவிட்டுக் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தேன், பிறகு இந்த அரங்குக்கு வந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்காத உரை கிடையாது. புல்வெளிகளில் குதிரை மேய்த்தவர்கள், குளிர்காலத்தில் உறைந்துபோகும் துறைமுகங்கள், கோடு போட்டுப் பிரிக்கப்பட்ட ஊர்கள். பல பேராசிரியர்கள் போன வருடம் சொன்னதையே மாற்றிச் சொல்லும்போது எனக்குத்தான் முதலில் தெரியும். தங்கைக்குக் கணக்குப் படிக்க ஆசை. நான்தான் இந்தத் துறையில் சேர்த்துவிட்டேன். அவளுடைய கட்டுரைகளுக்குக் கொஞ்சம் உதவியும் செய்வேன். தலைப்பு சொல்வேன், நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து படித்துக் குறிப்பெடுப்பேன், வாக்கியங்களைத் திருத்துவேன். ஓர் அண்ணன் செய்வதுதான்.

உங்கள் கோப்பில் இல்லாத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நிலவியல் பேராசிரியர் பதினெட்டு நிமிடம் கூடுதலாகப் பேசினார். மணியைத் தட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். அன்று தங்கைக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். அவர் அடுத்த முறை வந்தபோது மேடைப் படியில் மேல் பலகையின் ஆணிகளைக் கழற்றி வைத்திருந்தேன். இடுப்பு எலும்பு முறிந்தது. அவர் கீழே கிடந்து கத்தியபோது ஆம்புலன்சுக்குப் போன் செய்ததும் நான்தான். இப்போது தடி ஊன்றி நடக்கிறார், பேச்சு வெகுவாகக் குறைந்துவிட்டது.

இரண்டாவது ஒரு பியானோக்காரர். மாலைக் கச்சேரிக்கு வந்தவர், தங்கை பேசிக்கொண்டிருக்கும்போதே மேடை ஓரத்தில் உட்கார்ந்து கட்டைகளைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். நெறியாளர் அதையே சாக்காக வைத்து அவளை உட்காரச் சொல்லிவிட்டார். கச்சேரி முடிந்ததும் அவர் விரல்கள் கட்டைகளின் மேல் இருக்கும்போது பியானோ மூடியை இரண்டு கையாலும் அழுத்திச் சாத்தினேன். நான்கு விரல்கள் நசுங்கின. கை தவறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் நம்பினார், பாவம். நல்ல கையால் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது தங்கை தட்டைப் பார்த்தபடியே, "மூடி எப்படிண்ணா விழுந்துச்சு?" என்று கேட்டாள். விழுந்துச்சு என்றேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கொஞ்ச நாள் என் முன்னால் சத்தமாகக்கூடப் பேசவில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இனி துறைத்தலைவர். அவர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். ஏழு வருடமாகத் தங்கைக்கு முந்தைய ஆளாகப் பேசி, ஏழு வருடமும் அவள் நேரத்தை ஏப்பம் விட்டவர். இருந்தாலும் நான் அவரை ஒன்றும் செய்யவில்லை. தங்கைக்குத் தற்காலிக விரிவுரையாளர் வேலை போட்டுக்கொடுத்தவர் அவர். நன்றி மறக்கிற ஆள் இல்லை நான்.

இந்த வருடம் நிலைமை வேறு. நிரந்தர இடம் ஒன்று வந்திருந்தது. தேர்வுக் குழு ஆட்கள் மூன்று பேர் கருத்தரங்கில் உட்கார்ந்து தங்கையின் உரையைக் கேட்டுவிட்டு முடிவு செய்வார்கள் என்று அறிவித்திருந்தார்கள். பேசினால் வேலை, பேசாவிட்டால் அதோடு முடிந்தது. அதற்காக எட்டு மாதம் உழைத்தோம். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் எல்லை என்று வரைபடத்தில் காட்டப்படும் ஆற்றில் படகு ஓட்டியவர்களைப் பற்றிய உரை. காலையில் ஒரு கண்டம், மாலையில் ஒரு கண்டம் என்று வாழ்ந்தவர்கள். இருபது நிமிடத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும்படி எழுதி, வீட்டில் கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்த்தேன். தங்கையும் சில முறை படித்தாள்.

நிகழ்ச்சி நிரலில் வழக்கம்போலத் தலைவர் மூன்றாவது, தங்கை நான்காவது. இரண்டாவது உரை முடிந்து தேநீர் இடைவேளை விட்டார்கள். தலைவர் பழைய வரைபடம் ஒன்றைத் தேடிச் சாமான் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். இன்றைக்கு மட்டும் இருபது நிமிடத்தில் முடித்துவிடுங்கள் என்று கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்டேன்.

அவர் வரைபடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "உன் தங்கச்சிதான்ப்பா என்னை நீட்டிப் பேசச் சொல்றா. ஏழு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கா. மேடை ஏறினா அவளுக்குக் கை நடுங்குது, உன்கிட்ட சொல்லப் பயப்படுறா. இந்த வேலையே வேணாம்னு போன வாரம் எங்கிட்ட கடிதமும் குடுத்துட்டா, குழுவுக்குத்தான் நான் இன்னும் சொல்லல. அவளை விட்டுடுப்பா" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இல்லாத ஒன்றை ஒரு பெண்ணின் மேல் ஏற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கடுமையாகவாவது சொல்லலாம், கேட்பவன் நம்பாமல் இருக்க வசதியாக இருக்கும்.

அந்த அறையில் பழைய மைக் ஸ்டாண்டுகளின் இரும்பு அடிவட்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் நான்கு கிலோ. அவர் குனிந்து வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கியபோது ஒன்றை எடுத்து இடது காதுக்கு மேல் அடித்தேன். "என்னப்பா" என்றார், நான் ஏதோ சந்தேகம் கேட்டதைப் போல. இரண்டாவது அடியில் மண்டை உள்ளே போனது கைக்குத் தெரிந்தது. மூன்றாவது தேவையே இல்லை என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். எனக்கு அது அப்போது தெரியாது. பூட்ஸ் பெட்டிகளுக்கு நடுவில் அவரை இழுத்துக் கிடத்தி, பழைய மேடைத் திரையை மேலே போர்த்தினேன். கால் மட்டும் மூடாமல் நீட்டிக்கொண்டிருந்தது, அதை மடக்கினேன். கை கழுவினேன். சட்டைக் கையில் ரத்தம் இருந்ததால் முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டேன்.

ஒரு தவறு செய்தேன். அவருடைய கண்ணாடி கழன்று தரையில் கிடந்தது, உடையவில்லை. பேச்சாளர்கள் விட்டுப்போகும் கண்ணாடி, பேனா, குடை எல்லாவற்றையும் எடுத்துப் பத்திரப்படுத்துவது என் வேலையில் ஒன்று. கை தானாக எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. அதில் ஒரு நீலக் கயிறு உண்டு. அது வெளியே தொங்கியதை நான் கவனிக்கவில்லை.

தலைவருக்குத் தலைசுற்றல், வீட்டுக்குப் போய்விட்டார், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார் என்று நெறியாளரிடம் சொன்னேன். பேர் கேட்டதும் தங்கை வெளிறிப்போனாள். தலைவரைத் தேடி நாலா பக்கமும் பார்த்தாள், பிறகு மேடை ஏறினாள். எதிரே தேர்வுக் குழு மூன்று பேரும் பேனாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். முழுதாக இருபது நிமிடம் அவள் முன்னால் இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, அதை ஒளிக்க விரும்பவில்லை.

தாள் நடுங்கியது, குரலும் நடுங்கியது. இருந்தாலும் படித்தாள். படகோட்டியின் மனைவி அக்கரையைப் பார்த்து நிற்கும் இடம் வந்தது. அந்த வாக்கியத்தை நான் பதினோரு முறை மாற்றி எழுதியிருந்தேன். அதை அவள் அவசரமாகத் தாண்டிப் போனது வருத்தமாக இருந்தது. ஏழாவது நிமிடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்வை என் சட்டைப் பையில் நின்றது.

"அண்ணா, சாரோட கண்ணாடி ஏன் உன்கிட்ட இருக்கு?" என்றாள்.

மைக்கில்தான் கேட்டாள், அரங்கம் முழுவதும் கேட்டது. சிலர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். தங்கை தாள்களை மேசையிலேயே போட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் நடந்தாள். அவளுக்கு என்னைத் தெரியும். நேராகச் சாமான் அறைக்குத்தான் போனாள்.

நான் உள்ளே போனபோது அவள் திரையை விலக்கிப் பார்த்துவிட்டிருந்தாள். கத்தவில்லை. ஒரு பூட்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, "நான்தாண்ணா அவரைப் பேசச் சொன்னேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். தெரியும், சொன்னார் என்றேன். இன்னும் பதின்மூன்று நிமிடம் இருக்கிறது, குழு காத்திருக்கிறது, முகத்தைத் துடைத்துக்கொண்டு வா என்றேன். இதைவிடப் பொறுமையாக ஒருவன் பேச முடியாது.

அவள் எழுந்து வெளிக்கதவுப் பக்கம் நகர்ந்தாள். "நான் ஒரு நாளும் பேச ஆசைப்படலண்ணா. நீதான் ஆசைப்பட்ட" என்றாள்.

அது நியாயமே இல்லாத பேச்சு. எனக்கு என்ன ஆசை? நான் நாற்காலி போடுகிறவன்.

முடியைப் பிடித்து இழுத்து, நெற்றி படும்படி கதவுச் சட்டத்தில் மோதினேன். முதல் முறை அவளை நிறுத்துவதற்காக. இரண்டாவதும் மூன்றாவதும் எதற்கு என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். இனி அந்த மேடையில் ஏறமாட்டேன் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள் சார். அதைச் சொல்வதை அவள் நிறுத்தியபோது நானும் நிறுத்தினேன். அவளைத் தலைவர் பக்கத்தில் கிடத்தினேன். மூக்குக்கு நேராக விரலை வைத்துப் பார்த்தேன், மூச்சு இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். அப்போதே யாரையாவது கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் கூப்பிட்டிருந்தால் நிகழ்ச்சி அங்கேயே நின்றுபோயிருக்கும், எட்டு மாத உழைப்பு வீணாகியிருக்கும், அவள் பேர் நிரலில் வெறும் பேராகவே இருந்திருக்கும். அவளுக்காக யோசிக்க என்னைத் தவிர யார் இருந்தார்கள்?

நானே மேடை ஏறினேன். என் முகத்திலும் கையிலும் ரத்தம் இருந்திருக்க வேண்டும், முதல் வரிசையில் ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தங்கைக்கு உடம்பு சரியில்லை, மீதியை நான் சொல்கிறேன் என்றேன். தாள்கள் மேசையில் இருந்தன, எனக்கு அவை தேவைப்படவில்லை. படகோட்டியின் மனைவியிடமிருந்து மறுபடியும் தொடங்கினேன். அவசரப்படாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கடைசி வரிசை வரை பார்த்துப் பேசினேன். யாரும் மணியைத் தட்டவில்லை, தட்ட வேண்டிய தேவையும் வரவில்லை. முப்பது நொடி மிச்சம் வைத்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் காவலாளிகள் வந்து கையைப் பிடித்தார்கள்.

தலைவரை நான்தான் கொன்றேன். தங்கையையும் நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வருத்தம் இல்லையா என்று கேட்டீர்கள். வருத்தம்தான், அவளைத் தவிர எனக்கு யாரும் இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டரை நிமிடமும் அரங்கில் ஒருவர்கூட அசையவில்லை சார், மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பேச்சாளருக்கும் அப்படி ஓர் அமைதி கிடைத்து நான் பார்த்ததில்லை.