மூடி மேல் உட்கார்ந்தவள்

— எழுந்திரிக்க மாட்டேன்னா எழுந்திரிக்க மாட்டேன். தையல் மிஷினையே தூக்கிட்டு வந்து நடுத்தெருவுல போட்டுட்டேன், பாத்தல்ல? இன்னைக்குப் பூரா இந்த வால்வு மூடி மேல உக்காந்துதான் ஜாக்கெட் தைப்பேன்.

— அக்கா, நான் உங்கள எழுந்திரிங்கன்னு சொல்லவே இல்லையே.

— அப்புறம் எதுக்குய்யா அந்த நீளச் சாவியத் தோள்ல சாத்திட்டு காலையில இருந்து நிக்கற? எங்க தெருத் தண்ணிய அடைக்கத்தானே?

— ஆர்டர்க்கா. ஒரு வீட்டுலயும் கார்டு மீட்டர் மாட்ட விடலையாம். மாட்டற வரைக்கும் அடைச்சு வைன்னுட்டாரு புது இஞ்சினியரு.

— எப்படிய்யா மாட்ட விடுவோம்? கார்டுல காசு ஏத்தினாத்தான் குழாயே தொறக்குமாம். அதுலயும் மேட்டுத் தெரு பங்களாவுக்கு ஒரு ரேட்டு, எங்களுக்கு அதுல ரெண்டு மடங்கு. அவங்க காரக் கழுவறாங்க, நாங்க புள்ளையக் கழுவறோம். எது முக்கியம், நீயே சொல்லு.

— நான் என்னத்தக்கா சொல்ல? தொறன்னா தொறப்பேன், மூடுன்னா மூடுவேன்.

— நல்லா இருக்கு உன் நியாயம். உங்க தெருவுக்கு மீட்டர் வந்துடுச்சா?

— அடுத்த மாசம்க்கா.

— அப்போ தெரியும் சேதி. சரி, ஏன் அங்க வெயில்ல காயற? இப்படி நிழலுக்கு வா. எங்க சண்டை உன் ஆபீஸோடதான், உன்னோட இல்ல.

— பரவாயில்லக்கா. இங்கயே நிக்கறேன்.

— உன் இஷ்டம். ஆமா, குடிக்கற தண்ணி வால்வுல ஏன்யா இப்படி நாத்தம்? குடலப் புடுங்குது.

— அது... பழைய லைனுக்கா.

— இதுக்குத்தான் ரெண்டு மடங்கு கேக்கறாங்களாக்கும்! அந்தா, ஜீப் வருது. உங்க ஆளா?

— அவருதான். அக்கா, எனக்காகக் கொஞ்சம் பதமா பேசுங்க.

— நியாயமா ரேட்டு போடச் சொல்லு, தேனா பேசறேன்.

— என்னய்யா, காலையிலயே அனுப்பினேனே, இன்னுமா அடைக்கல?

— சார், அந்தம்மா மூடி மேல உக்காந்திருக்காங்க சார்.

— ஏம்மா, எழுந்திரிங்க. அரசாங்க வேலையத் தடுக்கறது குத்தம், தெரியுமில்ல?

— தெரியும் சார். ஒரு தெருவையே தாகத்துல தவிக்க விடறது எதுல சேத்தி? மேட்டுத் தெரு ரேட்டையே எங்களுக்கும் போட்டுத் தாங்க. மீட்டர நானே மாட்டிக்கறேன், இந்த நிமிஷமே எழுந்திரிக்கறேன்.

— அதெல்லாம் என் கையில இல்லம்மா.

— எழுந்திரிக்கறது என் கையில இருக்கு சார். பின்னாடி பாருங்க. நான் களைச்சா உக்கார எத்தனை பொம்பளைங்க குடத்தோட நிக்கறாங்கன்னு. என்னைத் தூக்கினா அடுத்தவ உக்காருவா.

— யோவ், இந்தத் தெருவுக்கு வேற வால்வே கிடையாதா?

— ஒண்ணே ஒண்ணுதான் சார்.

— இந்த மூடிதானா? நல்லாத் தெரியுமா உனக்கு?

— தினமும் தொறந்து மூடறவன் சார் நான். எனக்குத் தெரியாதா?

— சரி. நான் போய் மேலிடத்துல பேசிட்டு, லேடி போலீஸக் கூட்டிட்டு வரேன். நீ இங்கயே நில்லு. ஒரு அடி நகரக் கூடாது.

— நகரவே மாட்டேன் சார்.

— போயிட்டாருய்யா! பேச வச்சுட்டோமில்ல மேலிடத்துல? வரட்டும், போலீஸுக்கும் ஒரு ஜாக்கெட் அளவெடுக்கறேன். நல்ல வேளை, இதுதான் வால்வு மூடின்னு எங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

— எப்படிக்கா தெரிஞ்சுது?

— நீ இருட்டுலயே வந்து தொறந்து மூடிடற, அத யாரு பாத்தா? விடிஞ்சதும் தினமும் இதுமேலதானே சாவியப் போட்டுட்டு உக்காந்து டீ குடிப்ப. அத வச்சுத்தான் கண்டுபிடிச்சோம். ஏன், ஏன்யா சிரிக்கற?

— மெதுவாக்கா. நான் அங்க உக்காருறது நிழலுக்கு. அது சாக்கடை மூடி. வால்வு என் காலுக்கு அடியில இருக்கு. நீங்களும் எழுந்திரிக்காதீங்க, நானும் நகரப் போறதில்ல.