ஆறரை ஜிபி

வைரஸ் இல்ல தம்பி. நான்தான் அழிச்சேன். கை தவறியும் இல்ல. நல்லாப் பாத்து, யோசிச்சு, ஷிஃப்டையும் டெலீட்டையும் சேர்த்து அமுக்கி நானே அழிச்சேன். அப்படி அழிச்சா ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாதே, அதான் உங்ககிட்ட கொண்டுவந்தேன். இது மூணாவது கடை. நீங்க தேட விட்டிருக்கீங்கல்ல, எவ்வளவு நேரமாகும்? அரை மணியா? சரி, இப்படி உக்காந்துக்கறேன்.

ஒண்ணும் தெரியாம கையை வச்சுட்டேன்னு நினைக்காதீங்க. காலேஜ் லைப்ரரியில பதினெட்டு வருஷமா இருக்கேன். எந்தக் கம்ப்யூட்டர் நின்னாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. டாக்டரம்மா வந்தாச்சு, இனிமே பொழைச்சுக்கும்னு கிண்டல் வேற. அந்தத் தெனாவட்டுதான் இப்படிக் கொண்டுவந்து விட்டுடுச்சு.

இது எங்க வீட்டுக்காரரோட லேப்டாப். அவர் கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவர். விடிஞ்சா பொழுது போனா பக்கத்து சீட்ல உக்காந்து கத்தல்தான். பிரேக்கு, பிரேக்கு, அட பிரேக்கைப் போடும்மா! வீட்டுக்கு வந்தாலும் அதே சத்தம். தண்ணி கேட்டா தெருமுனை வரைக்கும் கேக்கும். நான் எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிட்டிருப்பேன்.

அவர் குரலைப் பதிவு பண்ணி அனுப்பறதுக்கு ஒரு கம்பெனியில புரோகிராம் போட்டுக் குடுத்திருந்தாங்க. எதுக்கா? சொல்றேன், இருங்க. ஆயிரத்து அறுநூறு வாக்கியம். ஒண்ணொண்ணா ஸ்கிரீன்ல வரும், படிக்கணும். மூணு வாரத்துல முடிச்சாகணும். ஃபேன் போடக்கூடாது, ஜன்னல் திறக்கக்கூடாது. சுவத்துல மெத்தையைச் சாத்தி வச்சுக்கிட்டு, பனியனெல்லாம் நனைஞ்சு சொட்ட உக்காந்திருப்பார். மாடி வீட்ல நாற்காலியை இழுத்தாப் போச்சு, அந்த வாக்கியத்தை மறுபடி முதல்லேர்ந்து படிக்கணும். வாக்கியமாவது ஒழுங்கா இருக்குமா? நாளை மிதமான மழை பெய்யும்னு ஒண்ணு வந்துச்சு. இதை நான் யார்கிட்டடி போய்ச் சொல்லப்போறேன்னு சிரிச்சார்.

கடைசியில நூறு வாக்கியம் நாமளா சொந்தமா சேர்த்துக்கலாம். எங்க பொண்ணை நண்டுன்னுதான் கூப்பிடுவோம். நண்டு, கதவைத் திற, நண்டு, சாப்பிட்டியா, நண்டு, ஃபோனைக் கீழ வை, இப்படியே ஒரு பக்கம் எழுதிட்டார். அப்புறம் என்னை வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டார். ஒரு மணி நேரம். என்ன பேசுனீங்கன்னு கேட்டா, எல்லாம் உனக்குத்தான், பொறுமையாக் கேட்டுக்கோன்னார். நானும் துருவிக் கேக்கலை. கேட்டிருக்கணும்.

எல்லாம் முடிஞ்சு அனுப்பப் போனா, இடம் பத்தலைன்னு நின்னுடுச்சு. சி டிரைவ் சிவப்பா நிக்குது. டி டிரைவ்ல நானூறு ஜிபி சும்மா கிடக்குது, ஆனா அந்தப் புரோகிராமுக்கு சியிலதான் இடம் வேணுமாம். நீதான் டாக்டராச்சே, கொஞ்சம் பாரேன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டார். மறுநாள் காலையில நாங்க கிளம்பணும், அன்னிக்கே அனுப்பியாகணும்.

நான் உக்காந்தேன். டெம்ப் ஃபோல்டரைக் காலி பண்ணேன். பழைய டவுன்லோடு, அப்டேட் போட்ட மிச்சம் மீதி, எல்லாத்தையும் எடுத்தேன். நண்டோட வீடியோவை டி டிரைவுக்கு மாத்தினேன். அப்பவும் பத்தலை. மறைஞ்சிருக்கற ஃபோல்டரையெல்லாம் காட்ட வச்சேன். அதுல ஒண்ணு, பேரே கிடையாது, நம்பரும் எழுத்துமா நீளமா ஒரு வரிசை. உள்ள ஆயிரக்கணக்குல ஃபைல். ஒண்ணைத் திறந்து பாத்தேன், திறக்கலை. ஏதோ புரோகிராம் துப்பிட்டுப் போன குப்பைன்னு நினைச்சேன். இந்த மாதிரி லைப்ரரியில எத்தனையோ அழிச்சிருக்கேன் தம்பி, எதுவும் ஆனதில்ல. ஆமா, அவர் பதிவையெல்லாம் அது அங்கதான் வச்சிருந்திருக்கு. அப்ப யாருக்குத் தெரியும்?

சிவப்பு நீலமாச்சு. ஆறரை ஜிபி கிடைச்சிருச்சுன்னு நான் கத்துறேன். தலை துவட்டிக்கிட்டே வந்து கை தட்டினார் மனுஷன். அனுப்புற பட்டனை அமுக்கினோம், ஒரே நிமிஷத்துல அனுப்பியாச்சுன்னு வந்துடுச்சு. இவ்வளவு சீக்கிரமாவான்னு ஒரு நொடி தோணுச்சு. இடம் கிடைச்ச வேகம்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். பத்து நாள் கழிச்சு அவங்ககிட்டேர்ந்து மெயில் வருது, வாக்கியப் பட்டியல் மட்டும்தான் வந்திருக்கு, குரல் ஒண்ணுகூட வரலைன்னு.

என்ன, நின்னுடுச்சா? இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்களேன். பேரெல்லாம் வந்திருக்கே! ஓ, பேர் மட்டும்தானா. உள்ள எல்லாம் பூஜ்யமா. ஒண்ணுகூடவா தேறாது? ரெண்டு கடையிலயும் இதையேதான் சொன்னாங்க, இந்த மாதிரி டிஸ்க்கு அழிச்சதைத் தானே துடைச்சு எடுத்துடும்னு. சரி விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க.

வேற பதிவா? ஃபோன்ல அவர் அங்கங்க பேசினது இருக்கு, அவங்க கேக்கற அளவுக்கு அது காணாது.

திரும்பப் படிக்கச் சொல்லலாமா? இல்ல தம்பி, முடியாது. மறுநாள் கிளம்பணும்னு சொன்னேனே, ஆஸ்பத்திரிக்குத்தான். தொண்டையில கட்டி. குரல்வளையோட எடுத்துட்டாங்க. இனிமே அவர் டைப் அடிச்சு, அதைக் கம்ப்யூட்டர் படிச்சாத்தான் பேச்சு. அந்தப் பேச்சாவது அவர் குரல்ல இருக்கட்டுமேன்னுதான் அத்தனையும் படிச்சார். வெளிய கார்ல உக்காந்திருக்கார். லேப்டாப்புக்கு பேட்டரி மாத்தணும்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். என் குரல் எப்ப வரும்னு தினம் எழுதிக் காட்டறார்.

இன்னிக்குச் சொல்லிடறேன். குடுங்க, நானே எடுத்துட்டுப் போறேன். கோவிச்சுக்குவாரேன்னெல்லாம் பயமில்ல தம்பி. கோவத்தையும் எழுதித்தானே காட்டணும். அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் நான் எதிர்ல நிக்கணும்.