கிழிந்த கடைசிப் பக்கம்

சேலம் வாசகசாலையில் இருந்த பறக்கும் வீரனின் படக்கதையில் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனவன் நான்தான். அந்தக் கதை சினிமாவாக வந்தபோது, டென்ட் கொட்டகை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டு நின்றார்கள்.

“பறக்கறவனுக்கு எதுக்குங்க முகமூடி?”

“மூஞ்சில வண்டு அடிச்சுப்போடும் புள்ள.”

“வெளையாடாதீங்க. கடைசிப் பக்கத்த எவனோ கிழிச்சுட்டானாம். வீரன் பொழைச்சானான்னு தெரியாம, காய்ச்சல்ல கெடக்கற என்ர தம்பி சோறே திங்க மாட்டேங்கறான்.”

“படத்தப் பாத்துட்டுப் போயிச் சொல்லு.”

“படத்துல கதைய மாத்திட்டா என்னங்க பண்றது?”

மறுநாள் காலை வாசகசாலைக்குப் போய் அந்தப் பக்கத்தைப் பசை தடவி ஒட்டி வைத்தேன். அடுத்த மாதம் அதன் அடியில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: “காய்ச்சல் விட்டதும் வந்து படித்தேன். அக்கா படத்தில் பார்த்த முடிவு வேறு. இதுதான் நன்றாக இருக்கிறது.”