நாற்பது நாள் பழக்கம்

புதுச் செருப்பு காலுக்குப் பழக ஒரு வாரம் ஆகும். புதுத் துப்பாக்கி என் கைக்குப் பழக நாற்பது நாள் ஆனது, சார். கை தவறி வெடித்துவிட்டதா என்று உங்கள் ஏட்டு கேட்டார். தவறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சங்கராபுரத்திலிருந்து மலைக்குப் போகிற வழியில், காட்டுக்கொட்டாயில் ஒண்டியாய் நிற்கிற வீடு எங்களுடையது. அதனால் அப்பா காலத்திலிருந்தே ரிவால்வருக்கு லைசென்ஸ் உண்டு. அதன் விசையை இழுத்தால் விரல் நோகும். புதிதாய் வாங்கிய பிஸ்டல் அப்படியில்லை. பிடி தடிமன், விசையோ தொட்டால் போதும். "குண்டு போடாம தெனம் இழுத்துப் பழகுங்க" என்றார் கடைக்காரர். நான் சொன்ன பேச்சு கேட்பவன்.

முதலில் காலண்டரைக் குறிவைத்தேன். காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டில் ஆடாமல் இருந்தது என் மனைவி விஜயலட்சுமி மட்டும்தான். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாய்க் கட்டிலில் கிடந்தாள்.

முப்பது வருஷம் அவள் அதட்டலில் நடந்த வீடு அது. படுத்த பிறகு, நான் ஊட்டினால்தான் அவளுக்குச் சோறு. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டுவேன், வாயைத் துடைத்துவிடுவேன். பொய் சொல்வானேன், மனசு நிறைந்திருந்தது.

முதல் நாள் விசை 'டிக்'கென்று விழுந்ததும் கண்ணை இறுக்கி மூடினாள். ஓரத்தில் தண்ணீர். பத்து நாளில் மூடுவதை விட்டுவிட்டாள். அவளும் பழகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

வீட்டு வேலைக்கு வருகிற குஞ்சம்மாள் ஒருநாள் பார்த்துவிட்டாள். "இன்னாங்கய்யா இது, அக்காவுக்கு நேரா நீட்டிக்கினு? பாவம், அவங்களால எழுந்து ஓடக்கூட முடியாதே."

"வெறும் துப்பாக்கி. நீ போய் வேலையப் பாரு" என்றேன்.

அவள் பார்த்த வேலை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் நிலத்துக்குப் போனதும் என் மனைவியின் காலுக்கு எண்ணெய் தேய்த்து, தோளில் தாங்கி நடக்கப் பழக்கியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சோறு ஊட்டப் போனேன். விஜயலட்சுமி என் கையைத் தள்ளிவிட்டாள். வாய் குழறினாலும் பேச்சு புரிந்தது. "ஞாயித்துக்கெழம நம்ம ஷாலினி காரு எடுத்துக்கினு வருது. நான் பொண்ணு வூட்டுக்கே போறேன். இன்னமே பயந்துக்கினு கெடக்க என்னால ஆவாது."

வெறும் துப்பாக்கிக்கு என்ன பயம் சொல்லுங்கள்? அவள் போய்விட்டால் நான் யாருக்கு ஊட்டுவேன்?

தேர்தல் வருகிறது, லைசென்ஸ் துப்பாக்கியைச் சனிக்கிழமைக்குள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உங்கள் ஆள்தான் வந்து சொல்லியிருந்தார். கொடுத்தால் ஓட்டு எண்ணி முடிகிற வரை திரும்பக் கிடைக்காது. சனிக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்து எடுத்தேன். குண்டு போட்டேன். பார்த்துத்தான் போட்டேன்.

குண்டு ஏற்றிய சத்தம் கேட்டு அவள் கட்டிலை விட்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓர் அடி, இன்னோர் அடி. நாற்பது நாளில் முதல்முறையாய் என் குறி அசைந்தது. ஆனால் பிடி உள்ளங்கையில் கச்சிதமாய் உட்கார்ந்திருந்தது.

நான்காவது அடியில் சுட்டேன். யாரும் தாங்கிப் பிடிக்காமல் நடக்கிறாளே, விழுந்து அடிபட்டுக்கொள்ளப் போகிறாளே என்கிற பயத்தில்தான், சார்.