‘நோகுது’ எண்ட படம்

ஹலோ... ஹலோ, சிவப்பிரியா அக்காவோ? நான் ஜெயமலர், உங்கடை மகள் சாரங்கான்ரை வகுப்பிலை உதவிக்கு நிக்கிறனான்... இல்லை, இல்லை, விழேல்லை. பயப்பிடாதேங்கோ... ஓம், வேலையிலை நிக்கிறியள் எண்டு தெரியும். ரெண்டு நிமிசம் வெளியிலை வாங்கோ.

...

அக்கா, அவளுக்குப் பல்லு நோகுது.

...

ஓம், பல்லு. மூண்டு கிழமையா மேசையிலை தலையை அடிச்சது அதுக்குத்தான். அவளே சொன்னவள்.

...

இல்லையக்கா, வாயாலை இல்லை, பேச்சு இன்னும் வரேல்லை. என்ரை பழைய டேப்லெட்டிலை இலவசச் செயலி ஒண்டு இருக்கு. படத்தை அமத்தினால் பேசும். ஒவ்வொரு படத்துக்கும் நான் வீட்டிலை இருந்து தமிழிலை பேசிப் பதிஞ்சனான். ‘தண்ணி’, போதும் எண்டதுக்குக் ‘காணும்’, ‘நோகுது’... இண்டைக்குக் காலமை முதல் தரம் அவளிட்டைக் குடுத்தன். ‘நோகுது’வை அமத்தினாள். பிறகு பல்லு. திருப்பி ‘நோகுது’. விடவே இல்லை... ஓம், ஓம்... அழாதேங்கோ அக்கா.

...

வகுப்பிலை இருக்கிற பேசுற மெசினோ? எட்டுப் பிள்ளையளுக்கு ஒண்டு. அதுவும் ஜெர்மன்தான் பேசும். அவளுக்கெண்டு நீங்கள் கேட்டது? மருத்துவக் காப்புறுதிக்காரர் எட்டு மாசமா ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை.

...

அதுதானே பிரச்சினை. சொந்தக் கருவி உள்ளுக்கை கொண்டு வரேலாது. தரவுப் பாதுகாப்பாம். முந்தி ஒருக்கா இதோடை வாசல்லையே பிடிபட்டனான், இன்னொருக்காப் பிடிபட்டால் வேலை இல்லை எண்டு எழுத்திலை தந்தவை.

...

சொன்னனான் அக்கா! பல்லைப் பாருங்கோ எண்டு சும்மா சொல்லிப் பார்த்தன். “உமக்கு எப்பிடித் தெரியும்?” எண்டு பள்ளிக்கூட அதிபர் கேட்டா. சும்மா நினைச்சன் எண்டு சமாளிச்சிட்டன்... இண்டைக்கு ரெண்டு மணிக்குக் கூட்டம். முரட்டுப் பிள்ளை எண்டு அவளை வேறை பள்ளிக்கூடத்துக்கு மாத்தப் போகினம். உங்களுக்கு வந்த கடிதம் அதுதான். கையெழுத்து வைச்சிடாதேங்கோ.

...

வைச்சிட்டியளோ?

...

இல்லையக்கா, உங்களிலை பிழையில்லை. மூண்டு பக்க ஜெர்மன். ஆருக்கு விளங்கும்.

...

எனக்கும் தெரியேல்லை. வாயைத் திறந்தால் என்ரை வேலை போகும். திறக்காட்டி அவள் போயிடுவாள். சாமான் அறைக்குள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு நிக்கிறன், அக்கா.

...

டேப்லெட்டை ஒளிக்கிறதோ? அவள் சொன்னதே அதிலைதானே. அதை ஒளிச்சால் அவளின்ரை வாயைப் பொத்தினது மாதிரி...

பொறுங்கோ. தட்டினம்.

...

ஓம், அதிபர் லெம்கேதான். என்ரை பேர் சொல்லிக் கூப்பிடுறா.

...

இல்லை, போனை வையாதேங்கோ! லைனிலையே நில்லுங்கோ. என்ரைதான், நான்தான் கொண்டு வந்தனான் எண்டு சொல்லப் போறன். பிறகு போனை அவவிட்டைக் குடுப்பன். கையெழுத்தைத் திருப்பி எடுக்கிறன், பிள்ளையைப் பல் டொக்டரிட்டைக் கொண்டு போறன் எண்டு நீங்கள் சொல்லுங்கோ.

...

காணும் அக்கா, உங்கடை ஜெர்மன் காணும். பிழையாச் சொன்னாலும் பரவாயில்லை, சத்தமாச் சொல்லுங்கோ.

...

திறக்கிறன்... யா, ஃபிராவ் லெம்கே—